விசிலுக்குக் கண் திறக்காதவன்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு குளம் இருந்துச்சாம். அந்தக் குளத்துக்கு அலைன்னா என்னன்னே தெரியாதாம். கல்லைப் போட்டாலும் வாங்கி அடியில வெச்சுக்குமாம், மேல ஒரு சுழி காட்டாதாம்.

இப்படித்தானுங்க நான் வகுப்பை ஆரம்பிக்கிறது. தினமும் இதே கதைதான். கதை முடியறதுக்குள்ள பசங்க கண்ணை மூடிருவாங்க. அப்புறம் மூச்சு. அப்புறம் அமைதி. கடைசியில ஒரு விசில் அடிப்பேன், கிரவுண்டுல அடிக்கற மாதிரி இல்லீங்க, மெதுவா, குருவி கூப்பிடற மாதிரி. எல்லாரும் கண்ணைத் திறந்துருவாங்க. இன்னைக்கும் அடிச்சேன். எல்லாரும் திறந்தாங்க. உங்க அக்கா பையன் தரணீஷ் மட்டும் திறக்கல. நடந்தது அவ்வளவுதான். இதுக்குப் போயி நீங்க இப்படிக் கையை முறுக்கிட்டு நிக்கறீங்க.

ஹாலுக்குள்ள போகாதீங்க, தம்பி. நில்லுங்க. உங்க அக்கா போயிருக்காங்கல்ல, ஒருத்தர் போதும். அற்புதமேரி மிஸ்ஸும் உள்ளதான் இருக்காங்க. நாலு பேரு திமுதிமுன்னு போனா பையன் மிரண்டுருவான். இந்தப் படியில உக்காருங்க. நான் கதவு இடுக்குல பாத்து உங்களுக்குச் சொல்றேன். எனக்கும் அவன் பையன் மாதிரிதானுங்க.

உங்க பஞ்சர் கடையிலிருந்து அப்படியே வண்டியை எடுத்துட்டு வந்துட்டீங்களாக்கும். கையெல்லாம் கிரீசு. உங்களுக்கு யாரு போன் பண்ணது? மிஸ்ஸா? பாத்தீங்களா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நானே அரை மணி நேரத்துல எழுப்பிருப்பேன். இப்ப பாருங்க, மேல ஆபீஸ்ல விருந்தாளிங்க சாப்பிட்டுட்டு இருக்காங்க, கீழ பெத்தவங்க வந்து நிக்கறீங்க. குரலைக் கொஞ்சம் தாழ்த்தியே பேசுவோம்.

இல்லீங்க, மயக்கமெல்லாம் இல்ல. அதை முதல்லயே பாத்துட்டேன். நான் பி.டி. மாஸ்டருங்க, வெயில்ல சுருண்டு விழுந்த பசங்க எத்தனை பேரைத் தூக்கியிருக்கேன். நாடி நல்லா இருக்குது. மூச்சு நல்லா இருக்குது. இமை மட்டும் துடிக்குது. சம்மணம் போட்டு, முதுகை நேரா வெச்சு, நான் சொல்லிக் குடுத்தபடியே உக்காந்திருக்கான். அந்த உக்கார்ற விதத்துல நீங்க ஒரு குத்தம் சொல்ல முடியாது.

பி.டி. மாஸ்டருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? எல்லாரும் கேக்கறதுதான். போன வருசம் எங்க தாளாளர் ஏதோ கூட்டத்துக்குப் போயிட்டு வந்தாரு. இந்தக் காலத்துப் பசங்களுக்கு மன அழுத்தம் ஜாஸ்தி, ஒவ்வொரு ஸ்கூல்லயும் மனசுக்குன்னு ஒரு வகுப்பு வேணும்னு அங்க சொல்லியிருக்காங்க. நல்ல விசயந்தானே. ஆனா பிளஸ் ஒன்னுக்கு நேரம் எங்க இருக்குது? கெமிஸ்ட்ரில கை வைக்க முடியுமா, மேத்ஸ்ல கை வைக்க முடியுமா? விளையாட்டுப் பீரியடை எடுத்து மன அமைதி வகுப்புன்னு மாத்திட்டாங்க. நேரம் என்னுது, அதனால ஆளும் நானேன்னு ஆயிருச்சு. எனக்கும் ஒரு மத்தியானம் பயிற்சி குடுத்தாங்க, டீ பிஸ்கட்டோட.

முதல்ல பசங்க உக்காரவே மாட்டேன்னாங்க. பந்தைப் பூட்டி வெச்சுட்டீங்களே சார்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க. ஒருத்தன் கொட்டாவி விடுவான், ஒருத்தன் பக்கத்துல இருக்கறவன் தொடையைக் கிள்ளுவான். தாளாளர் சொன்னாரு, மயில்சாமி, மார்க்கு இல்லாத எதையும் இதுக செய்யாது, மார்க்கு போடுன்னு. போட்டேன். ஆடாம உக்காந்தா இவ்வளவு, அசைஞ்சா இவ்வளவு குறைவு. ஒரே மாசத்துல ஹால்ல ஊசி விழுந்தா கேக்கும். அமைதிக்கு ரேங்க் வந்த ஒரே ஸ்கூல் எங்களுதுதான்னு நினைக்கறேன்.

உங்க தரணீஷ் அப்ப இருந்த லட்சணம் உங்களுக்குத் தெரியுமே. கபடில காலை வாரி விட்டு ஆடறவன். சிரிப்பு அடக்கத் தெரியாது. நான் குளத்துக் கதையைச் சொல்றப்ப, "சார், அந்தக் குளத்துல மீன் கூடவா வாலை ஆட்டாது?"ன்னு கேட்டான். ஹாலே சிரிச்சுருச்சு. வெளிய நிறுத்தினேன். கடைசி ரேங்க்.

அந்தப் பையன்தான் முதல் ரேங்க்குக்கு வந்தான். அதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

இருங்க, பாத்துட்டு வர்றேன்.

அக்கா அவனுக்கு எதிர்ல தரையில உக்காந்துட்டாங்க. தொடலை. சும்மா பாத்துட்டு இருக்காங்க. மிஸ் தள்ளிப் போயி ஜன்னலோரம் நிக்கறாங்க. ஒண்ணும் பயப்படற மாதிரி இல்ல. உக்காருங்க.

எங்க விட்டேன்? ஆங். அவங்கப்பா, அதான் உங்க மச்சான் நல்லசிவம், தறிப்பட்டறையில நெஞ்சைப் புடிச்சுட்டு விழுந்தாரில்லீங்களா, அதுக்கப்புறம். காரியம் முடிஞ்சு பையன் திரும்பி வந்த அன்னைக்கு உங்க அக்காவே ஆபீஸ்ல சொன்னாங்க. "என் பையன் ஒரு சொட்டு கண்ணீர் விடலீங்க சார், என்னைத்தான் தேத்துனான்"னாங்க. எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சு. மறுநாள் காலைல பிரேயர்ல அவனை முன்னாடி கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன், இதுதான் மன உறுதி, எல்லாரும் பாத்துக்கங்கன்னு. கை தட்டினாங்க. நீங்க கூடச் சுடுகாட்டுல அவன் தோளைத் தட்டி, "இனி நீதான்டா வூட்டுக்கு ஆம்பளை, அழக் கூடாது"ன்னு சொன்னீங்களாமே. அவனே எங்கிட்டச் சொன்னான். எவ்வளவு பெரிய வார்த்தை! ஒரு தாய்மாமன் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கீங்க.

என்னங்க, தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க? தண்ணி வேணுங்களா?

சரி, கேளுங்க. அழவே இல்லைன்னு சொல்றதும் முழு உண்மை இல்லீங்க, உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது. ஒரே ஒரு தடவை அழுதான். வகுப்புலதான். எல்லாரும் கண்ணை மூடியிருக்கறப்ப விசும்பற சத்தம் கேட்டுச்சு. பாத்தா இவன். அது ஒரு ஒட்டுவாரொட்டிங்க, ஒருத்தன் அழுதா அந்த வரிசையே மூக்கை உறிஞ்சும். ஒரு பிள்ளை அடுத்த வரிசையிலிருந்து ஆரம்பிச்சுருச்சு. வகுப்பே கெட்டுப் போகுமேன்னு வெளிய கூட்டிட்டுப் போயி, தண்ணித் தொட்டி பக்கத்துல நிறுத்தி, ஒரு வழி சொல்லிக் குடுத்தேன். நாக்கு நுனியை மேலண்ணத்துல வெச்சு நல்லா அழுத்தணும். மூச்சை மூக்கால இழுத்து நெஞ்சுல நிறுத்தணும். கண்ணீர் வந்த வழியே திரும்பிப் போயிரும். நானா கண்டுபுடிச்சது. எங்கப்பா என்னை அடிக்கறப்ப நான் அப்படித்தான் பண்ணுவேன், சின்ன வயசுல. இன்னைக்கு வரைக்கும் எனக்கு வேலை செய்யுது.

நல்ல பையன், ஒரே நாள்ல புடிச்சுக்கிட்டான். அதோட சரி. ஒரு சொட்டு இல்ல.

அற்புதமேரி மிஸ் அப்பவே எங்கிட்ட வந்தாங்க. "சார், அவனை அழ விடுங்க, இப்ப மேத்ஸ்ல கூட கேட்ட கேள்விக்கு மட்டும்தான் வாயைத் திறக்கறான்"னாங்க. நான் சொன்னேன், "மிஸ், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ற பையனைத்தானே இத்தனை நாளா எல்லா டீச்சரும் கேட்டீங்க?"ன்னேன். அவங்க திரும்பிப் போயிட்டாங்க. கணக்கு டீச்சருக்கு மனசைப் பத்தி என்னங்க தெரியும்.

அப்புறம் இன்னொரு நாள் அவனா வந்தான். வகுப்பு முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. செருப்பு போடற இடத்துல தயங்கி நின்னான். "சார், கண்ணை மூடினா அப்பா வர்றாரு சார்"னான். பயிற்சில இதெல்லாம் சொல்லிக் குடுக்கல. ஆனா பையன் நம்பி வந்திருக்கான், வெறுங்கையா அனுப்ப முடியுங்களா? சொன்னேன்: "வந்தா வரட்டும் தம்பி. ஒரு வணக்கம் சொல்லி அனுப்பி வெச்சுரு. செருப்பை வெளிய விட்டுட்டு உள்ள வர்றோம்ல, அது மாதிரி. அவரு வெளிய இருக்கட்டும். வகுப்பு நேரத்துல உள்ள விடாதே." சரிங்க சார்னான். அதுக்கப்புறம் தினமும் வகுப்பு முடிஞ்சதும் கேப்பேன். "அனுப்பிட்டியா?" "அனுப்பிட்டேன் சார்." ஒரு நாள் விடாமக் கேட்டேன். எந்த வாத்தியார் கேப்பாருங்க இந்தக் காலத்துல?

ஏனுங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க. என்னை ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான் கெட்டது ஒண்ணும் சொல்லலையே.

இன்னைக்கு நடந்ததைச் சொல்லிடறேன், அப்புறம் நீங்களே சொல்லுங்க. பக்கத்து ஊர் ஸ்கூல்காரங்க நாலஞ்சு பேரு நம்ம வகுப்பைப் பாக்க வந்திருக்காங்க. புடிச்சுப் போச்சுன்னா அவங்க ஸ்கூல்லயும் ஆரம்பிப்பாங்க, எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்புன்னு தாளாளர் சொல்லியிருந்தாரு. இருவது வருசமா விசிலைக் கழுத்துல மாட்டிட்டுச் சுத்தறவனுங்க நான். ஸ்டாஃப் ரூம்ல எனக்குன்னு ஒரு நாற்காலி கிடையாது. மழை வந்தா பி.டி. பீரியடை மத்தவங்க புடுங்கிக்குவாங்க. முதல் தடவையா என் வகுப்பைப் பாக்க வெளியூர்லருந்து ஆளு வர்றாங்க. எனக்கு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

தரணீஷை முன் வரிசையில நடுவுல உக்கார வெச்சேன். அமைதித் தலைவன்னு பேட்ஜ் குத்தியிருந்தான். கதை சொன்னேன். கண்ணை மூடினாங்க. ஹால் அப்படியே உறைஞ்சு போச்சு. அப்பதான் விருந்தாளிங்க பக்கம் திரும்பி மைக்கைப் புடிச்சு நாலு வார்த்தை சொன்னேன். பெருமையாத்தானுங்க சொன்னேன். "நடுவுல இருக்கற பையனைப் பாருங்க. ஆறு மாசத்துக்கு முந்தி இவன் அப்பா தறிப்பட்டறையில, வேலை செஞ்ச இடத்துலயே உயிரை விட்டுட்டாரு. பையன்தான் ஓடிப் போயி முதல்ல பாத்தான். இப்ப இந்த முகத்தைப் பாருங்க. ஒரு சலனம் இருக்குதா? இதுதான் எங்க பயிற்சி"ன்னேன். படபடன்னு கை தட்டினாங்க. ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அவன் அசையவே இல்ல. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

விசில் அடிச்சேன். எல்லாரும் திறந்தாங்க. இவன் திறக்கல.

விருந்தாளிங்க என்ன நினைச்சாங்கன்னா, ஆழ்ந்த தியானம்னு. மறுபடியும் கை தட்டினாங்க. நானும் சிரிச்சேன். ரெண்டாவது விசில். திறக்கல. கொஞ்சம் சத்தமா. திறக்கல. கிரவுண்டு விசிலே அடிச்சுட்டேனுங்க, பின்னாடி உக்காந்திருந்தவங்க காதைப் பொத்திக்கிட்டாங்க. அவன் இமை மட்டும் துடிச்சுது. தாளாளர் முகத்துல சிரிப்பு அப்படியே இருந்துச்சு, ஆனா கண்ணு என்னைத் தின்னுருச்சு. சாப்பாடு தயார்னு சொல்லி எல்லாரையும் மாடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. பசங்களை வராந்தாவுல உக்கார வெச்சேன். அப்புறம் தோளைப் புடிச்சு உலுக்கினேன். தண்ணி தெளிச்சேன். "டேய், உன் மார்க்கெல்லாம் போயிரும்டா"ன்னேன். கெஞ்சக் கூடச் செஞ்சேனுங்க, யாரும் பாக்காதப்ப. "கண்ணு, எனக்காகத் திறடா"ன்னு.

அவன் என்னமோ முனகினான். எனக்குப் புரியல.

உஷ். ஏதோ பேச்சுக் குரல் கேக்குது. நீங்க அங்கயே இருங்க.

அக்கா பேசறாங்க. "தரணி. நான் வந்திருக்கேன்"ங்கறாங்க. அவன் தலையை ஆட்டறான். கேக்குதுங்க அவனுக்கு! நான் சொன்னேன்ல? "கண்ணைத் திற கண்ணு"ங்கறாங்க. மாட்டேங்கறான். பேசறான், வாயைத் திறந்துட்டான். "அப்பா நிக்கறாரும்மா. கண்ணைத் திறந்தா போயிருவாரு"ங்கறான். "தினமும் அனுப்பி அனுப்பி விட்டேன்மா. இன்னைக்கு அனுப்ப மாட்டேன்"ங்கறான்.

தம்பி, கதவைத் தள்ளாதீங்க. ஒரு நிமிசம். ஒரே நிமிசம். அக்கா என்ன பண்றாங்க பாருங்க. அட, அவங்களும் கண்ணை மூடிட்டாங்க. அவனை மாதிரியே சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க. "எங்கடா நிக்கறாரு?"ன்னு கேக்கறாங்க. "கதவுகிட்ட"ங்கறான். கதவுகிட்ட நான்தானுங்களே நிக்கறேன். "என்ன சட்டை?" "அந்த நீலம். தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும்மா." உங்க அக்கா சிரிக்கறாங்க! "அந்த மனுசன் என்னைக்குடா தலையைத் தட்டிட்டு வூட்டுக்குள்ள வந்தாரு?"ங்கறாங்க. அவனும் சிரிக்கற மாதிரிதான் இருக்குது, தோள் குலுங்குது. இப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு.

"சாப்பிட்டாரான்னு கேளு"ங்கறாங்க.

அவன் உதடு அசையுது.

"கேட்டேன்மா. பதில் சொல்ல மாட்டேங்கறாரு."

"சொல்ல மாட்டாருடா கண்ணு. இனிமே சொல்ல மாட்டாரு."

ஐயையோ. ஐயையோ, என்னங்க இது, இப்படிக் கத்தறான்? இது மாடிக்குக் கேக்குமே. அம்மா, கொஞ்சம் மெதுவாங்க, மேல விருந்தாளிங்க... அவங்களும் சேர்ந்துக்கிட்டாங்களே. பையன் மடியில விழுந்துட்டான். மிஸ், அந்த ஜன்னலையாவது சாத்துங்க. மிஸ்! அவங்க திரும்பக் கூட இல்ல. டேய், வராந்தாவுல யாரும் எந்திரிக்கக் கூடாது. உக்காரு. உக்காரச் சொன்னேன். ஏய் பிள்ளை, நீ எதுக்கு அழுகற? உனக்கு என்ன ஆச்சு? நீ அவனுக்குச் சொந்தமா, பந்தமா? சொன்னேன்ல தம்பி, ஒட்டுவாரொட்டின்னு, இப்ப பாருங்க, வராந்தா முழுக்க...

ஏனுங்க. நீங்களுமா?

கிரீஸ் கையால கண்ணைத் துடைக்காதீங்க, எரியும். இந்தாங்க, என் துண்டைப் புடிங்க. அட, வேண்டாம்னா விடுங்க. நாக்கை மேலண்ணத்துல வெச்சு... சரி, சரி, நான் ஒண்ணும் சொல்லல. கத்தாதீங்க.

எனக்கென்ன, எனக்கொண்ணும் இல்ல. தூசி. இந்த ஹாலைக் கூட்டறவங்க ஒழுங்காக் கூட்டறதில்ல.

வர்றாங்க. எந்திரிங்க, வழி விடுங்க. வா தம்பி, வா. முகத்தைப் பாருங்க, எப்படி வீங்கிப் போச்சு. இந்த மூஞ்சியோட மாடிப்படி பக்கமா போகாதீங்கம்மா, பின்பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு வழியா போயிருங்க. தாளாளர் மாடில நிக்கறாரு, பாக்காதீங்க. அம்மா, ஒரே ஒரு உதவி. யாராவது கேட்டா காய்ச்சல்னு சொல்லிருங்க. திடீர்னு காய்ச்சல், அதான் அனுப்பிட்டோம்னு நானும் சொல்லிடறேன். பையன் பேரும் கெடாது, ஸ்கூல் பேரும் கெடாது. ரெண்டு நாள் வூட்டுல தூங்கட்டும், திங்கக்கிழமை அனுப்பி வைங்க, நான் அவன் மார்க்கைத் தொடவே மாட்டேன், முதல் ரேங்க் அப்படியே இருக்கும்.

என்னங்கம்மா?

அவங்கப்பனுக்கு அழுதான்னு சொல்றதா? அதை எப்படிங்கம்மா நான் மேல போயி சொல்றது? அவங்ககிட்ட நான் என்ன சொல்லியிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது. அம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தரணீஷ், நீயாவது அம்மாகிட்டச் சொல்லுடா. தரணீஷ்.

முன் கேட்டு வழியாவே போறாங்களே.

மிஸ், நீங்க எங்க போறீங்க? உங்களுக்கு அடுத்த பீரியடு இருக்குது. பசங்களா, யாரு உங்களைக் கேட்டு வரைக்கும் போகச் சொன்னது? திரும்பி வாங்க. ஏய்.

தம்பி, நீங்க நில்லுங்க. நீங்க ஒருத்தராவது என்னைப் பொறுமையாக் கேட்டீங்க. வண்டியைத் தள்ளாதீங்க, இருங்க. நான் அவனுக்குக் கெட்டது நினைச்சேனா, சொல்லுங்க. தினமும் கேட்டேன்ல, அனுப்பிட்டியா, அனுப்பிட்டியான்னு, அதை நீங்க அக்காகிட்டச் சொல்லணும். சொல்வீங்கல்ல? தம்பி, கொஞ்சம் நில்லுங்க. நான் இன்னும் சொல்லி முடிக்கலீங்க.